பொந்துக்குள் ஒரு மூக்கு

இந்தக் காலத்தில் எவனும் காடியை விட்டு இறங்குவதில்லை. வழி கேட்க வருகிறவனும் சரி, ஓட்டுக் கேட்க வருகிறவனும் சரி, உள்ளே இருக்கிற குளிர்ச்சியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோலக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு மட்டும் இறக்கி, வாயைக் காட்டிப் பேசுகிறான். பதில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி ஏறிவிடும். பரஞ்சோதி அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டுமென்றே தப்பான வழி சொல்லுவார். குருணுக்குப் போக வேண்டியவனைப் பாடாங் செராய் பக்கம் திருப்பிவிட்ட நாளில் அவருக்குச் சோறு ஒரு கவளம் கூடுதலாக இறங்கும்.

எழுபத்து நாலு வயது. சிடாம் கிரியிலிருந்து உள்ளே போகிற சாலையில், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீடு. முப்பத்தோரு வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது இன்றுவரை தெரியாது. கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையைப் பாதி உடைத்துத்தான் விழுங்குவார். முழுசாகக் கொடுத்திருப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்பது அவர் கணக்கு. மனைவி பிச்சையம்மாள் போய் இரண்டு வருடமாகிறது. ஜொகூரில் இருக்கிற மகள் காஞ்சனா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணி "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். அவர் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதற்குள் "சரிப்பா, வச்சிடறேன்" என்பாள்.

மிருகங்களையும் பறவைகளையும் அவர் பார்க்க ஆரம்பித்தது பாசத்தால் அல்ல, சந்தேகத்தால். பிச்சையம்மாள் வளர்த்த கோழிகள் நாலைந்து மிச்சம் இருந்தன. அவை இடுகிற முட்டைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. தோட்டத்துப் பையன்கள்தான் என்று முடிவுகட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையல்கட்டுக்குப் பின்னால் போட்டு, மடியில் கம்போடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, சாக்கடை ஓரமாக ஓர் உடும்பு, பட்டணத்துக்குப் போகிற பெரிய மனுஷனைப்போல நிதானமாக நடந்து வந்து, முட்டையை அப்படியே விழுங்கிவிட்டு, நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனது. திருடன் பிடிபட்ட பிறகும் நாற்காலியை அவர் உள்ளே எடுத்து வைக்கவில்லை.

அப்புறம் ஒரு வருடம் முழுக்க அந்த நாற்காலியில்தான். ஐப்பசி மழையில் சாக்கடை ரொம்பி ஓடும்போது வெள்ளை நெஞ்சுக்கார நீர்க்கோழி ஒன்று புதருக்குள் இருந்துகொண்டு விடியவிடியக் கத்தும். எதற்குக் கத்துகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் காலையில் ஐந்து நீர்நாய்கள் வரிசையாக வந்து, கெளுத்தியைக் கடித்துத் தின்றுவிட்டு, மழைக்கு முன்னால் போய்விட்டன, மறுபடி வரவில்லை. எங்கிருந்தோ வருகிற தகைவிலான் குருவிகள் மின்கம்பியில் நெல் காயப்போட்டதுபோல உட்கார்ந்திருக்கும். ஆடி மாதம் ரம்புத்தான் பழுத்தால் குரங்குகள் வரும். வெயில் காலத்தில் பக்கத்துப் பால்மரக் காடு, ரப்பர்தான், இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்கும். அந்தச் சருகின்மேல் காட்டுக்கோழி நடந்தால் ஆள் நடக்கிற மாதிரியே கேட்கும். முதல் தடவை கேட்டபோது யாரோ வருகிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். பிறகு பழகிவிட்டது. யாரும் வருவதில்லை.

தை பிறந்து சில நாளில் எங்காங் வந்தது, இருவாச்சிப் பறவை. ஒரு ஜோடி. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, மூக்குக்குமேல் இன்னொரு மூக்கை ஒட்டவைத்ததுபோல ஒரு கொண்டை. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் நிற்கிற பெரிய தூங்குமூஞ்சி மரத்தில், கிளை முறிந்த இடத்தில் ஒரு பொந்து இருந்தது. நாலு ஆள் உயரம். அந்தப் பொந்தை இரண்டும் மாறிமாறி எட்டிப் பார்த்தன, வாடகை வீடு பார்க்க வந்த புதுக் குடும்பத்தைப்போல. ஆண் பறவை தலையை நிமிர்த்தி, நெஞ்சை முன்னே தள்ளி, கிளையில் இப்படியும் அப்படியும் நடந்து அதிகாரம் பண்ணியது. பரஞ்சோதி அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார். அவர் காலத்துக் கங்காணி ஒருவன் இப்படித்தான் வேலை செய்யாமல் நடப்பான்.

ஒரு வாரம் கழித்துப் பெண் பறவை பொந்துக்குள் போனது. வெளியே வரவில்லை. வாசல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. கங்காணி கொண்டுவந்து கொடுக்கிற மண்ணையும் தன் எச்சத்தையும் குழைத்து, மூக்கையே கரண்டியாக வைத்து அது உள்ளிருந்தே பூசிக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். கங்காணி பழத்தோடு வந்து உட்கார்ந்தால், அந்தக் கீறலில் ஒரு மூக்கு முனை தெரியும். பழத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும்.

"அடி பைத்தியமே," என்றார் பரஞ்சோதி கீழே இருந்து. "இவன நம்பியா உள்ள போயிட்ட?"

அவன் வரமாட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பத்து நாள் வருவான், அப்புறம் காட்டில் வேறு பழம் பழுக்கும், வேறு ஒருத்தி கூப்பிடுவாள். உள்ளே இருப்பது காய்ந்து சாகும். எப்போது என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் நாற்காலியை மரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

கங்காணி வந்துகொண்டே இருந்தான். காலையில் நாலு தடவை, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் மூன்று. அத்திப்பழத்தைத் தொண்டையில் அடக்கிவந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். ஒருநாள் ஓணான், ஒருநாள் குருவிக்குஞ்சு. பிச்சையம்மாள் பக்கவாதத்தில் கிடந்த எட்டு மாதமும் பரஞ்சோதி கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டியிருக்கிறார். "எத்தன நாளைக்கு இந்தாளு செய்வாரு பார்ப்போம்" என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. தினமும் கரண்டியை எடுக்கும்போது அவரும் அதையேதான் நினைத்தார். அவரையே அவர் நம்பவில்லை.

மாசி பிறந்த சமயத்தில் மரத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காடி வந்து நின்றது. கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"பெரியவரே, இந்த மரம் யாரோடது?"

"எங்கப்பன் நட்டது இல்ல. ஏன்?"

"ரோட்ட அகலமாக்குறாங்க. அடுத்த திங்கக்கிழம மரத்த எடுக்கணும். நான் புவனேஸ்வரன், மரம் வெட்டுற குத்தகையில மண்டோரு."

"உள்ள எங்காங் இருக்கு."

"எங்காங்தானே, சத்தம் கேட்டா பறந்துரும் லா."

"பறக்காது. உள்ளேர்ந்து பூசி அடச்சிக்கிட்டிருக்கு."

மரம் வெட்டுகிற ஆள்களை மேய்க்கிற மண்டோர் சிரித்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வெற்றிலை போடாமலே சிவந்த வாய். "என்னா பெரியவரே, எந்தப் பறவையாச்சும் தனக்குத் தானே சமாதி கட்டிக்குமா? வெயில்ல ரொம்ப உக்காராதீங்க." கண்ணாடி ஏறியது.

ஏதாவது ஆபிசில் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் ஆபிசு என்றால் பாரம் எழுதச் சொல்வான், பாரத்தை எடுத்துக்கொண்டு இன்னோர் ஆபிசுக்குப் போகச் சொல்வான். அதற்குள் மரம் பலகையாகி, பலகை மேசையாகி, அந்த மேசைக்குப் பின்னாலேயே ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். காஞ்சனாவிடம் சொல்ல வாயெடுத்தார். "சரிப்பா, வச்சிடறேன்" என்றாள்.

ஆனால் அந்தக் காடி கிளம்பும்போது அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். முன் கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. அதற்குக் கீழே மீசைவைத்த முனியாண்டி படம்.

பரஞ்சோதிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பிச்சையம்மாளுக்காக அவர் கும்பிடாத கோயில் இல்லை, ஒரு சாமியும் காதில் வாங்கவில்லை, அதோடு விட்டுவிட்டார். பூசாரிகள்மேல் அவருக்கு இருந்த அபிப்பிராயத்தை எழுத முடியாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மஞ்சள்தூள் கரைத்த வாளியில் முக்கிப் பிழிந்து, மரத்தைச் சுற்றிக் கட்டினார். மூன்று கல்லை எடுத்து நிறுத்திக் குங்குமம் வைத்தார். குலை வெட்டுகிற வளைந்த அருவாள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கல்லுக்கு முன்னால் மண்ணில் குத்தி, முனையில் எலுமிச்சம்பழத்தைச் செருகினார். நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தபோது அவருக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை லாரியில் ஆள்கள் வந்தார்கள். இரம்பத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கிய இந்தோனேசியக்காரன் மஞ்சள் துணியைப் பார்த்ததும் இரம்பத்தைத் திரும்ப லாரியில் வைத்துவிட்டான். புவனேஸ்வரன் காடியை விட்டு இறங்கினான். இறங்கியதோடு இல்லாமல் சப்பாத்தையும் கழற்றினான்.

"பெரியவரே... இது எப்பருந்து இருக்கு?"

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா இருக்கு."

"அன்னிக்கு வந்தப்ப கண்ணுல படலியே?"

"காடிக்குள்ள உக்காந்து பார்த்தா என்னா தெரியும்?"

புவனேஸ்வரனுக்கு வேர்த்துவிட்டது. போன வருடம் கூலிம் பக்கம் இப்படித்தான் ஒரு மரத்தைக் கேட்காமல் தொட்டு, கிளை விழுந்து ஒரு மாதம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தானாம். கன்னத்தில் போட்டுக்கொண்டு, சிவப்புப் பெருக்கல் குறியைத் தன் கையாலேயே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். அவனுடைய தவுக்கே, குத்தகை எடுத்த சீன முதலாளி, இவனைவிடப் பயந்தவர். ஒரு கட்டு ஊதுபத்தியும் ஆறு ஆரஞ்சும் கொடுத்தனுப்பி, மரத்தை விட்டு ரோட்டைக் கொஞ்சம் தள்ளி வளைக்க முடியுமா என்று மேலே கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று பரஞ்சோதி நினைத்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார். நம் ஆள்களிடம் மஞ்சள் துணியைக் காட்டிவிட்டு, அதோடு நிற்பார்கள் என்று நினைத்தது அவர் தப்பு.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். பெயர் குணவதி. குருணில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. புருஷன் நாலு வருடத்துக்கு முன்னால் சிங்கப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் உதடு அசைத்துக்கொண்டிருந்தாள். போகும்போது சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கப்பா. தனியா இருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"கொடியில ஒரு சட்டதானே காயுது."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். பொங்கலில் நெய் குறைச்சல் என்று சொல்லிவிட்டு முழுவதையும் தின்றார்.

அடுத்த வெள்ளி பதினைந்து பேர். அதற்கடுத்து ஐம்பது. யாரோ ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். முனிக்குப் பிடிக்குமென்று சுருட்டும் பீர் போத்தலும் வந்தன. முட்டையும் வாழைப்பழமும் படைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வந்து, படையல் காணவில்லை, சாமி எடுத்துக்கொண்டது என்று போனில் படம் பிடித்தார்கள். முட்டையை எடுத்தது பழைய உடும்புதான். வாழைப்பழத்தைக் குரங்கு எடுத்தது. குட்டிக் குரங்கு ஒன்று பீர் போத்தலைக் கவிழ்த்து நக்கிவிட்டு, தென்னை மட்டையில் தொங்கிக்கொண்டு வெகுநேரம் இறங்கத் தெரியாமல் முழித்தது. பரஞ்சோதி நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். சொல்வதற்கு ஆள் இல்லை. இவ்வளவு பேர் வந்தும் ஆள் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டி மரத்தைத்தான் பார்த்தார்கள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கங்காணியை. சாம்பிராணிப் புகை மரத்தோடு ஏறி, நேராகப் பொந்து வாசலில் போய் மோதியது. உறுமி மேளம் வந்த அன்று கங்காணி பழத்தோடு வந்து, தூரத்துச் செம்பனை மட்டையில் உட்கார்ந்து, பார்த்து, திரும்பிப் போய்விட்டான். ஒன்பது தடவை ஐந்தாகி, ஐந்து இரண்டாகியது. பங்குனி கடைசியில், புத்தாண்டுத் திருவிழாவுக்குப் பந்தல் போட ஆரம்பித்து ஒலிபெருக்கி கட்டியதும், இரண்டு நாள் முழுக்க அவன் வரவேயில்லை.

"சொன்னேன்ல," என்றார் பரஞ்சோதி. ஆனால் இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், ஒலிபெருக்கிக்காரன் சாப்பிடப் போன நேரத்தில், மரத்தடியில் போய் நின்று காது கொடுத்தார். உள்ளிருந்து 'கீச் கீச்' என்று மெல்லிசான சத்தம். ஒன்று அல்ல, இரண்டு மூன்று குரல். குஞ்சு பொரித்திருந்தது. கீறலில் மூக்கு திறந்தபடி இருந்தது. வீட்டுக்கு ஓடி, குலை வெட்டுகிற நீளமான அலுமினியக் கம்பை எடுத்து, முனையில் பப்பாளித் துண்டைச் செருகி மேலே தூக்கினார். ஒரு காலத்தில் ஐம்பது அடிக் கம்பை ஒற்றைத் தோளில் நிறுத்தியவர். இப்போது கம்பு வானத்தில் கோலம் போட்டது. எப்படியோ கீறலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. வாங்கவில்லை.

"வாங்கு. வாங்கித் தொலயேன். நான் ஒன்னும் பண்ண மாட்டேன்."

வாங்கவில்லை. பப்பாளி அவர் தலையிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பந்தல்காரர்கள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள். மறுநாள் காலை மூன்று பேர் கம்பும் பப்பாளியுமாக வந்து, நேர்த்திக்கடன் செலுத்த எவ்வளவு நீளக் கம்பு வேண்டும் என்று கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் புத்தாண்டு. உறுமி இரண்டு செட்டு வந்து இறங்கியது. புவனேஸ்வரன் மஞ்சள் வேட்டி, வெற்று மார்போடு ஓடியாடிக்கொண்டிருந்தான். பரஞ்சோதி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"டேய், இங்க சாமியும் இல்ல ஒன்னும் இல்ல. துணியக் கட்டுனது நானு. அந்த அருவா என் அருவா. கல்லு சாக்கடையில கெடந்தது. மேளத்த அனுப்பிடு."

புவனேஸ்வரன் அவரைப் பாவமாகப் பார்த்தான். "கட்டுனது நீங்க. சரி. கட்ட வச்சது யாரு?"

"நான்தான்டா!"

"அப்படித்தான் தோணும்பா. சாமி கும்புடாத மனுஷன் கையில வந்து சாமி துணி கட்ட வச்சிருக்குன்னா, அது எவ்வளோ பெரிய சாமி!"

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு. எல்லாம் பொய்யி."

புவனேஸ்வரன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "பெரியவரே, ஒன்னு சொல்றேன். ரோட்ட வளைக்கலாம்னு மேலேர்ந்து வந்த கடுதாசி தவுக்கே மேசையில இருக்கு. இன்னும் கையெழுத்து ஆவல. நீங்க இப்படிப் பேசுறது அவரு காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கே இரம்பம் வரும். என்னால ஒன்னும் செய்ய முடியாது. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. சாமி இருக்கா, இல்லியா?"

உறுமியைத் தட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். பரஞ்சோதி மரத்தைப் பார்த்தார். இல்லை என்றால் இரம்பம். இருக்கிறது என்றால் மேளம். இரண்டில் எதற்கும் உள்ளே இருப்பது பிழைக்காது. எழுபத்து நாலு வருடத்தில் பொய்யாக ஒரு தடவைகூடக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதவர் அவர். தப்பான வழி சொல்வது வேறு கணக்கு.

"இருக்கு," என்றார்.

"அப்ப வாங்க, முன்னால நில்லுங்க."

"இருக்குன்னேன். ஆனா இது மேளம் கேக்குற முனி இல்ல. இது பேசாத முனி. சத்தம் ஆவாது. பொகை ஆவாது. ரெண்டு நாளா கோவத்துல இருக்கு."

புவனேஸ்வரனின் முகம் மாறியது. "சாமி சொல்லுச்சா?"

"சொல்லுச்சு." பொய் ஒன்று வந்துவிட்டால் அடுத்தது அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுகிறது. "மீறி அடிச்சா, போன வருஷம் கால ஒடச்ச மாதிரி இந்த வருஷமும் ஒடைக்கும்னு சொல்லுச்சு. எந்தக் கால்னு சொல்லல."

உறுமி நின்றது. ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார்கள். சாம்பிராணிச் சட்டியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். ஏறக்குறைய நூறு பேர் பந்தலில் சம்மணம்போட்டு உட்கார்ந்தார்கள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனார்கள். வெயில் ஏறியது. பால்மரக் காட்டில் புதுத் துளிர் மினுங்கியது. அவ்வளவு பேர் கூடி அவ்வளவு அமைதியாக இருந்ததைப் பரஞ்சோதி அதுவரை பார்த்ததில்லை. பிச்சையம்மாள் சாவுக்குக்கூடச் சனங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணி வாக்கில் இறக்கைச் சத்தம் கேட்டது. துணியை உதறுவதுபோல, விசுக் விசுக் என்று. கங்காணி வந்து பொந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட்டத்தைத் தலை சாய்த்துப் பார்த்தான். தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்து நீட்டினான். கீறலில் மூக்கு வந்தது. வாங்கியது. இன்னொன்று. இன்னொன்று. பதினேழு பழம்.

பக்கத்தில் குணவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பரஞ்சோதி மூக்கைச் சிந்திவிட்டு, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். சாலையிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். வந்து வாய்திறக்காமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கங்காணி பழையபடி ஒன்பது தடவை வந்தான். பன்னிரண்டாம் நாள், விடிகாலை மழை விட்டதும், உள்ளிருந்து கொத்துகிற சத்தம் கேட்டது. காய்ந்த பூச்சு துண்டுதுண்டாக விழுந்தது. முதலில் பெண் பறவை வந்தது. இறக்கை கசங்கி, வால் கோணி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்ததுபோல. கிளையில் நிற்கத் தெரியாமல் ஆடியது. மத்தியானத்துக்குள் இரண்டு குஞ்சுகள் அதன் பின்னால் குதித்தன. சாயங்காலம் நாலும் சேர்ந்து செம்பனைக்கு மேலே பறந்து, குனோங் ஜெராய் மலை இருக்கிற திசையில் போய்விட்டன. அவரைத் திரும்பிப் பார்த்தனவா என்றால், இல்லை. ஏன் பார்க்க வேண்டும்?

மூன்று நாள் காத்திருந்தார். வரவில்லை.

வெள்ளிக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. தவுக்கே கையெழுத்துப் போட்டாயிற்று, ரோடு வளைகிறது என்று புவனேஸ்வரன் சொன்னதும் பரஞ்சோதி எழுந்து கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இங்க முனியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பறவையக் காப்பாத்த நான் சொன்ன பொய்யி. பறவ போயிடுச்சு. அவ்வளோதான். வீட்டுக்குப் போங்க."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கிழவர் ஒருவர் மட்டும் மெதுவாகக் கைகூப்பினார். "சாமியப் பத்தி வெளிய சொல்லக் கூடாதுன்னு இவருக்கு உத்தரவு போல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

புவனேஸ்வரன் அவர் தோளைப் பிடித்தான். "பெரியவரே, பூசாரி வேணும். கமிட்டி பேசிடுச்சு. நீங்க தனியாத்தானே இருக்கீங்க? இங்கயே உக்காருங்க. நாலு பேரு வருவாங்க, போவாங்க, பேசிக்கிட்டிருக்கலாம்."

"நாலு பேரு வந்து வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. இதுல என்னாத்தப் பேச?"

அவன் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினார். குணவதி பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். சாமி இல்லன்னா, ரெண்டு நாளா வராதது நீங்க சொன்ன அன்னிக்கு எப்படி வந்துச்சு?"

"மேளம் நின்னுச்சு. வந்துச்சு."

"அதுக்கு முன்னாடியே வேற எங்கியாச்சும் போயிருக்கலாம்ல? காடு கெடக்குது. அது ஏன் திரும்பி வரணும்?"

அதைத்தான் அவரும் தையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கெல்லாம் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் வைக்கிறவர்கள் வைக்கட்டும்.

"அதுக்கு வேற வேல இல்ல. அதான் வந்துச்சு."

"ஒரு தடவ கும்பிட்டுட்டுப் போங்களேன்பா. எனக்காக."

"உனக்கு வேணும்னா பொங்கலுக்குக் கொஞ்சம் நெய்ய ஊத்து," என்றார். "கும்புடெல்லாம் மாட்டேன்."

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் நூறு பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சும்மா ஒரு பறவை, சும்மா ஒரு பொந்து என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். பாதி வழியில் தலை தானாக மேலே, பொந்துப் பக்கம், திரும்பப் போனது. திருப்பவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் வேகமாக்கினார்.